லண்டன் ப்ரைமரி ஸ்கூல் ரிசல்ட்டைப் படிக்கிறது எப்படி: சதவீதத்துக்கு முன்னாடி அங்க படிக்கிற பசங்களப் பாருங்க

நவம்பர் வந்துட்டா போதும், எங்க ஏரியா வாட்ஸ்அப் குரூப்ல இந்தக் கேள்வி வந்துடும். "இந்த ஸ்கூல் 78 பர்சென்ட், அந்த ஸ்கூல் 65 பர்சென்ட், ரிசப்ஷனுக்கு எதைப் போடலாம்?" (ரிசப்ஷன்னா நாலு வயசுல சேர்ற முதல் வகுப்பு.) உடனே பத்து பேர் 78-ஐப் போடுங்கன்னு சொல்லுவாங்க, கேட்டவங்களும் நன்றி சொல்லிட்டுப் போயிடுவாங்க. அந்த 78 எதோட சதவீதம், எத்தனை பசங்கள்ல, அந்தப் பசங்க யாரு, இதை யாருமே கேக்கிறதில்ல. கிழக்கு லண்டன்ல ஒரு ப்ரைமரி ஸ்கூல்ல நான் மூணு வருஷமா பேரண்ட் கவர்னரா, அதாவது நிர்வாகக் குழுவுல பெற்றோர் பிரதிநிதியா இருக்கேன், டேட்டாவ வச்சுக்கிட்டு மணிக்கணக்கா உக்காந்து பேசுற மீட்டிங் எல்லாம் பார்த்தாச்சு, அதனால இதை ஒரு தடவை முழுசா எழுதிடலாம்னு உக்காந்தேன். ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட், ஹாரோ, வெம்பிளி, டூட்டிங், கிராய்டன்னு நம்ம ஆளுங்க நிறைய இருக்கிற இடத்துல எல்லாம் கதை கிட்டத்தட்ட இதேதான். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, இது இங்கிலாந்து கணக்கு. ஸ்காட்லாந்து, வேல்ஸ்ல தேர்வு முறையே வேற.

முதல்ல எந்தப் பக்கத்தைத் திறக்கணும்

வீடு விக்கிற சைட்ல ஸ்கூல் பேருக்குப் பக்கத்துல ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, அதைத் தயவுசெஞ்சு நம்பாதீங்க. கல்வித்துறையே ஸ்கூல் பெர்ஃபார்மன்ஸை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சைட் வச்சிருக்கு, ஸ்கூல் பேரோ போஸ்ட்கோடோ போட்டா வரும். ஒரே பேர்ல லண்டன்லயே அஞ்சாறு ஸ்கூல் இருக்கும், செயின்ட் மேரிஸ்னு தேடிப் பாருங்க தெரியும், அதனால ஒவ்வொரு ஸ்கூலுக்கும் இருக்கிற யுஆர்என்ங்கிற 6 இலக்க நம்பரைக் குறிச்சு வச்சுக்கோங்க, ஆஃப்ஸ்டெட் (ஸ்கூல்களை ஆய்வு பண்ற அரசு அமைப்பு) ரிப்போர்ட் தேடும்போதும் அதே நம்பர்தான். இன்னொரு குழப்பம், ஸ்கூல் அகாடமியா (கவுன்சில்கிட்ட இருந்து பிரிஞ்சு நேரா அரசு நிதில நடக்கிற ஸ்கூலா) மாறினா புது நம்பர் குடுத்துடுவாங்க, பழைய ரிசல்ட் பழைய நம்பர்லயே தங்கிடும். ஒரு ஸ்கூலுக்கு முந்தின வருஷ ரிசல்ட்டே காணோம்னா காரணம் அநேகமா இதுதான், ஸ்கூல் எதையோ மறைக்குதுன்னு அர்த்தம் கிடையாது.

திறந்ததும் கை நேரா ரிசல்ட் பக்கம்தான் போகும். போகாதீங்க. முதல்ல ஆப்சென்ஸ், மாணவர் விவரம்னு இருக்கிற பகுதிக்குப் போங்க.

அந்த ஸ்கூல்ல யார் படிக்கிறாங்க

அங்க நாலஞ்சு நம்பர்தான் இருக்கும். மொத்தப் பசங்க எத்தனை, ஆண் பெண் எவ்வளவு, எஸ்இஎன் சப்போர்ட்ல இருக்கிறவங்க (படிப்புல சிறப்பு உதவி தேவைப்படுறவங்க), இஎச்சி பிளான்ங்கிற சட்டப்படியான உதவித் திட்டம் இருக்கிறவங்க, இங்கிலீஷ் முதல் மொழியா இல்லாதவங்க, கடந்த 6 வருஷத்துல எப்பவாவது ஃப்ரீ ஸ்கூல் மீல்ஸுக்கு (எஃப்எஸ்எம், இலவசச் சாப்பாடு) தகுதியா இருந்தவங்க. பக்கத்துலயே தேசிய சராசரியும் இருக்கும். இதுல பெரும்பாலானது ஜனவரி மாசம் ஸ்கூல்ல எடுக்கிற சென்சஸ்ல இருந்து வர்றது.

மொத்த எண்ணிக்கைய முதல்ல பாருங்க. ஒரு வகுப்புக்கு 30 பேர்னு வச்சா ரிசப்ஷன்ல இருந்து இயர் 6 வரைக்கும் 7 வகுப்பு, ஒன் ஃபார்ம் என்ட்ரி, அதாவது வயசுக்கு ஒரே வகுப்பு இருக்கிற ஸ்கூல்னா 210 பேர், டூ ஃபார்ம்னா 420, நர்சரி இருந்தா கொஞ்சம் கூட. 420 பேருக்கான ஸ்கூல்ல 290 பேர்தான் இருக்காங்கன்னா அது முக்கியமான சேதி. லண்டன்ல குழந்தை பிறப்பு குறைஞ்சு, வாடகை தாங்க முடியாம குடும்பங்கள் வெளிய போயி, உள் லண்டன்ல ஸ்கூல்கள் காலியாகிட்டு வருது, ஹாக்னி, லாம்பெத், சதக் மாதிரி இடங்கள்ல ப்ரைமரி ஸ்கூல்களை மூடியும் இருக்காங்க, ரெண்டை ஒண்ணாவும் சேர்த்திருக்காங்க. ஸ்கூலுக்கு வர்ற பணம் தலைக்கு இவ்வளவுன்னு வர்றது. வகுப்புல 30 பேர் இருந்தாலும் 22 பேர் இருந்தாலும் டீச்சர் சம்பளம் ஒண்ணுதானே, அதனால பசங்க குறைஞ்சா முதல்ல போறது அசிஸ்டெண்ட், அப்புறம் மியூசிக், அப்புறம் ட்ரிப். சின்ன வகுப்புன்னு சந்தோஷப்படலாம், தப்பில்ல, ஆனா அந்த ஸ்கூல் அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் எப்படி இருக்கும்னு ஹெட் டீச்சர்கிட்ட நேராவே கேட்டுடுங்க.

ஃப்ரீ ஸ்கூல் மீல்ஸ் நம்பரைப் பத்திதான் நான் கொஞ்சம் அதிகமாப் பேசுவேன், ஏன்னா ஸ்கூலைப் புரிஞ்சுக்க இதைவிட உதவுற நம்பர் இல்ல, லண்டன்ல இதைவிடத் தப்பாக் காட்டுற நம்பரும் இல்ல.

இதுக்கான தகுதி வருமானத்தை வச்சு. யுனிவர்சல் கிரெடிட்ங்கிற அரசு உதவித்தொகை வாங்குற குடும்பத்துல வரி போக வேலை வருமானம் வருஷத்துக்கு 7,400 பவுண்டுக்குக் கீழ இருக்கணும்ங்கிறதுதான் 2018-ல இருந்து இருந்த அளவு. 2026 செப்டம்பர்ல இருந்து யுனிவர்சல் கிரெடிட் வாங்குற எல்லாக் குடும்பத்துக்கும் சாப்பாடு உண்டுன்னு அரசு அறிவிச்சது. 7,400 எவ்வளவு கம்மின்னு யோசிச்சுப் பாருங்க, அதைத் தாண்டி ஒரு பவுண்டு சம்பாதிச்ச குடும்பம்கூட இந்தக் கணக்குல வரல, அதனால நம்பர் 30 பர்சென்ட்னு இருந்தா நிஜமாக் கஷ்டப்படுற குடும்பம் அதைவிட நிறைய இருக்கும்னே எடுத்துக்கோங்க. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ரிசப்ஷன், இயர் 1, இயர் 2 பசங்களுக்கு 2014 செப்டம்பர்ல இருந்தே எல்லாருக்கும் இலவசச் சாப்பாடு. லண்டன்ல மேயரோட நிதியில 2023 செப்டம்பர்ல இருந்து அரசு ப்ரைமரி ஸ்கூல்கள்ல மிச்ச வகுப்புக்கும் இலவசம், நியூஹாம், டவர் ஹாம்லெட்ஸ் மாதிரி சில கவுன்சில்கள் அதுக்கும் முன்னாடியே குடுத்துட்டு இருந்தாங்க. ரொம்ப நல்ல விஷயம், பசியோட எந்தப் பிள்ளையும் பாடத்துல உக்காரக் கூடாது. ஆனா எல்லாருக்கும் சாப்பாடு கிடைச்சுட்டா அப்பா அம்மா எதுக்கு ஃபார்ம் நிரப்பப் போறாங்க?

எங்க தெருவுல இருக்கிற ஒரு யாழ்ப்பாணத்துத் தங்கச்சி என்கிட்ட கேட்டா, "அக்கா, சாப்பாடு எல்லாப் பிள்ளையளுக்கும் சும்மாதானே குடுக்கினம், பிறகேன் இந்த ஃபோர்ம்?" நியாயமான கேள்வி. பதில் பியூப்பில் பிரீமியம். தகுதி இருக்கிற பிள்ளை பேர் பதிவானாத்தான் ஸ்கூலுக்கு அந்தப் பணம் வரும், 2025-26-ல ப்ரைமரில ஒரு பிள்ளைக்கு வருஷம் 1,515 பவுண்டு. ஒரு தடவை பதிவானா 6 வருஷம் கணக்குல இருக்கும், நடுவுல வருமானம் கூடினாலும் பரவாயில்ல. அவ ஃபார்ம் போட்டா, ஆகிடுச்சு. இப்படிப் பதிவே பண்ணாத இருபது குடும்பம் ஒரு ஸ்கூல்ல இருந்தா வருஷத்துக்கு 30,000 பவுண்டு போச்சு, ஒரு டீச்சிங் அசிஸ்டெண்ட் சம்பளத்துக்கு மேலயே வரும். விசால "பொதுநிதி கிடையாது"ன்னு போட்டிருக்கிற குடும்பங்களுக்கும் வருமான வரம்புக்கு உட்பட்டு இந்தச் சாப்பாடு உண்டு, அது நிறைய பேருக்குத் தெரியறதே இல்ல, ஸ்கூல் ஆபீஸ்ல கேளுங்க. ஆக லண்டன் ஸ்கூல்ல எஃப்எஸ்எம் நம்பர் ரெண்டு மூணு வருஷத்துல குறைஞ்சிருந்தா அந்த ஏரியா வசதியாகிடுச்சுன்னு முடிவு பண்ணாதீங்க. ஃபார்ம் வாங்காம விட்டிருக்கலாம்.

தமிழ்ப் பிள்ளைங்க இந்தக் கணக்குல எங்க இருக்காங்க

அடுத்தது ஈஏஎல், அதாவது இங்கிலீஷ் கூடுதல் மொழியா இருக்கிற பசங்க. இங்கிலாந்துல மொத்தமா அஞ்சுல ஒரு பிள்ளை இந்த வகை. நியூஹாம், பிரெண்ட், ஹாரோ பக்கம் பல ஸ்கூல்கள்ல பாதிக்கு மேல இருக்கும். நம்ம ஆளுங்களே இந்த நம்பரைப் பார்த்துப் பயப்படுறாங்க. "70 பர்சென்ட் இங்கிலீஷ் தெரியாத பசங்களாம், நம்ம பிள்ளை கெட்டுடுவான்"னு ஒரு அம்மா சொன்னப்ப எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாப் போச்சு, ஏன்னா அவங்க பிள்ளையும் அந்த 70-ல ஒருத்தன்தான்.

ஈஏஎல்னா இங்கிலீஷ் தெரியாதுன்னு அர்த்தம் இல்லவே இல்ல. சின்ன வயசுல வீட்டுல வேற மொழி கேட்டு வளர்ந்த பிள்ளைன்னு மட்டும்தான் அர்த்தம். இங்கயே பிறந்து இங்கிலீஷ்ல கனவு காண்ற பிள்ளையும், போன வாரம் ஹீத்ரோல இறங்கின பிள்ளையும் ஒரே கட்டத்துல. எந்தப் பிள்ளைக்கு இங்கிலீஷ் எவ்வளவு வரும்ங்கிறத ஏ-ல இருந்து இ வரைக்கும் பிரிச்சு 2017, 2018 சென்சஸ்ல சேகரிச்சாங்க, அப்புறம் நிறுத்திட்டாங்க, பெரிய நஷ்டம்னுதான் நான் சொல்லுவேன். சில ஸ்கூல்கள் உள்ளுக்குள்ள இன்னும் அதே அளவுகோலை வச்சிருக்காங்க, கேட்டா சொல்லுவாங்க. நாட்டளவுல இயர் 6 ரிசல்ட்ல ஈஏஎல் பசங்களுக்கும் மத்தவங்களுக்கும் பெருசா வித்தியாசம் கிடையாது, இங்கிலாந்துலயே அதிக மதிப்பெண் எடுக்கிற வட்டாரம் லண்டன், இந்தப் பசங்க அதிகமா இருக்கிறதும் லண்டன்லதான். அசலா முக்கியமானது எப்ப வந்தாங்கங்கிறது. ரிசப்ஷன்ல சேர்ந்த பிள்ளைக்கு ஏழு வருஷம் இருக்கு, இயர் 5 நடுவுல வந்த பிள்ளைக்கு ஒரு வருஷம்தான்.

இன அடிப்படையிலான கணக்குல நம்ம பிள்ளைங்க கிட்டத்தட்ட காணாமலே போயிடுறாங்க. விரிவான பட்டியல்ல இலங்கைத் தமிழர்னு தனியா ஒரு கோட் இருக்கு, ஆனா அதைப் பயன்படுத்துறதா வேணாமாங்கிறது உள்ளூர் கவுன்சில் முடிவு. பயன்படுத்தினாலும் தேசிய அட்டவணைக்குப் போகும்போது "வேற ஆசியப் பின்னணி"ங்கிற பெரிய கட்டத்துல, நேபாளிப் பசங்களோட சேர்ந்து விழுந்துடும். தமிழ்நாட்டுல இருந்து வந்தவங்க "இந்தியன்"ல போயிடுவாங்க, குஜராத்தி, பஞ்சாபி பசங்களோட. ஆக ஹாரோல ஒரே வகுப்புல ஒரே தமிழ் பேசுற ரெண்டு பிள்ளைங்க ரெண்டு வேற கட்டத்துல. தமிழ்ப் பிள்ளைங்க இந்த ஸ்கூல்ல எப்படிப் படிக்கிறாங்கன்னு தெரியணும்னா அட்டவணை சொல்லாது, மொழிக் கணக்கு ஸ்கூல்கிட்ட இருக்கு, அதுல தமிழ் தனியாவே பதிவாகுது.

எஸ்இஎன் நம்பரையும் இப்படித்தான் பொறுமையாப் படிக்கணும். இஎச்சி பிளான்ங்கிறது கவுன்சில் சட்டப்படி உத்தரவாதம் குடுக்கிற உதவித் திட்டம், 2025 ஜனவரி கணக்குல இங்கிலாந்து ஸ்கூல்கள் எல்லாம் சேர்த்து 5.3 பர்சென்ட் பசங்களுக்கு இருந்தது. ஒரு சாதாரண ப்ரைமரில இது ரொம்ப அதிகமா இருந்தா, அங்க ஆட்டிசம் இருக்கிற பசங்களுக்கோ காது கேளாத பசங்களுக்கோ தனிப் பிரிவு இருக்கலாம். அந்தப் பிரிவுல இருக்கிற பசங்களும் இயர் 6 சதவீதத்துல சேர்ந்துதான் வருவாங்க, டெஸ்ட்டே எழுதாத பிள்ளையும் "எட்டல"ன்னுதான் கணக்காகும். அப்படி ஒரு பிரிவை வச்சிருக்கிற ஸ்கூல் மூணு நாலு பாயிண்ட் கம்மியாத் தெரிஞ்சா அது அந்த ஸ்கூலோட குறை கிடையாது.

சைட்ல இல்லாத ஒண்ணு, ஆனா லண்டன்ல எல்லாத்தையும் புரட்டிப் போடுறது, நடுவுல வந்து போற பசங்க. கவுன்சில் தற்காலிக வீட்டுல வச்சிருக்கிற குடும்பம், ஆறு மாசத்துல வேற பரோவுக்கு (வேற கவுன்சில் பகுதிக்கு) மாத்திடுவாங்க. எங்க ஸ்கூல்ல ஒரு இயர் 6 வகுப்புல ரிசப்ஷன்ல இருந்து எங்ககிட்டயே படிச்சவங்க பாதிப் பேர்தான். "இயர் 6-ல எத்தனை பேர் இங்க ரிசப்ஷன்ல சேர்ந்தவங்க, அவங்க ரிசல்ட் மட்டும் எவ்வளவு?" ஸ்கூல் விசிட் போறப்ப இந்த ஒரு கேள்வியக் கேளுங்க. நல்ல ஹெட் டீச்சருக்கு இந்த நம்பர் மனப்பாடமா இருக்கும்.

இப்ப ரிசல்ட்

நீங்க பார்க்கிற அந்தப் பெரிய சதவீதம், இயர் 6 முடிவுல ரீடிங், ரைட்டிங், மேத்ஸ் மூணுலயும் எதிர்பார்க்கிற தரத்தை எட்டின பசங்க எத்தனை பேர்ங்கிறது. ரீடிங்கும் மேத்ஸும் மே மாசம் நாடு முழுக்க நடக்கிற சாட்ஸ்ங்கிற டெஸ்ட், மதிப்பெண் 80-ல இருந்து 120 வரைக்கும் ஒரு அளவுல மாத்திக் குடுப்பாங்க, 100 எடுத்தா தரத்தை எட்டினதா அர்த்தம், 110 எடுத்தா உயர் தரம். இலக்கணம், ஸ்பெல்லிங்குக்கும் டெஸ்ட் உண்டு ஆனா அது இந்தக் கூட்டுக் கணக்குல வராது. ரைட்டிங்குக்கு டெஸ்ட் கிடையாது, வகுப்பு டீச்சரே மதிப்பிடுவார், கவுன்சில் ஒவ்வொரு வருஷமும் நாலுல ஒரு பங்கு ஸ்கூலையாவது போய்ச் சரிபார்க்கணும். இங்கிலாந்து சராசரி 2019-ல 65, கோவிட்னால 2020, 2021 ரெண்டு வருஷம் டெஸ்ட்டே இல்ல, 2022-ல 59-க்கு விழுந்தது, 2024-ல 61, 2025-ல 62. உயர் தரத்தை மூணுலயும் எட்டினவங்க 8 பர்சென்ட்தான்.

மூணுலயும்ங்கிற வார்த்தைய நல்லாப் பாருங்க. ரீடிங்ல 112, ரைட்டிங் நல்லா, மேத்ஸ்ல 99 எடுத்த பிள்ளை இந்தச் சதவீதத்துல பூஜ்யம். மூணுலயும் தட்டுத் தடுமாறி 100-ஐத் தொட்ட பிள்ளை ஒண்ணு. அதனால இதை மட்டும் பார்க்காம பக்கத்துல இருக்கிற சராசரி ஸ்கோரையும் பாருங்க, 2024-ல தேசிய சராசரி ரீடிங் 105, மேத்ஸ் 104. ஒரு ஸ்கூல்ல சதவீதம் நல்லா இருந்து சராசரி ஸ்கோர் 102-னு இருந்தா, எல்லாரையும் கோட்டுக்கு மேல தள்ளி விடுறதுலயே கவனம் போயிருக்குன்னு ஒரு சந்தேகம் எனக்கு வரும்.

அப்புறம் எத்தனை பசங்கன்னு பாருங்க. 28 பேர் எழுதுற வகுப்புல ஒரு பிள்ளை மூணரை பாயிண்ட். ரெண்டு பிள்ளை டெஸ்ட் அன்னிக்குக் காய்ச்சல்ல படுத்தாலே ஏழு பாயிண்ட் போயிடும். அதனால மூணு வருஷம் சேர்த்துப் பாருங்க, சதவீதங்களைக் கூட்டி மூணால வகுக்காதீங்க, தலைகளைக் கூட்டுங்க. உதாரணத்துக்கு, ஒரு ஸ்கூல்ல முதல் வருஷம் 28 பேர்ல 17, அடுத்தது 30-ல 22, அதுக்கடுத்து 26-ல 15. சதவீதமாப் பார்த்தா 61, 73, 58. "73-ல இருந்து 58-க்கு விழுந்துடுச்சு"ன்னு குரூப்ல பேச்சாயிடும். தலைகளைக் கூட்டினா 84 பேர்ல 54, அதாவது 64 பர்சென்ட், தேசிய சராசரிக்கு ரெண்டு மூணு பாயிண்ட் மேல ஓடிட்டு இருக்கிற ஒரு நிலையான ஸ்கூல், அவ்வளவுதான்.

பழைய ஆளுங்க ப்ராக்ரஸ் ஸ்கோரப் பாருன்னு சொல்லுவாங்க. ஒரு பிள்ளை இயர் 2-ல இருந்த இடத்துல இருந்து இயர் 6-ல எவ்வளவு ஏறுச்சுங்கிற கணக்கு, பூஜ்யம்னா சராசரி. உண்மையிலயே நல்ல அளவு அது, ஆனா 2020, 2021-ல இயர் 2 மதிப்பீடு நடக்காததால 2024, 2025 இயர் 6 பசங்களுக்கு அதைப் போட முடியல. ரிசப்ஷன்ல சேர்ந்த முதல் வாரங்கள்லயே எடுக்கிற பேஸ்லைன்ங்கிற தொடக்க மதிப்பீடு 2021 செப்டம்பர்ல வந்தது, அந்தப் பசங்க இயர் 6 முடிக்கிறது 2028-ல, அப்பதான் முழு ஏழு வருஷத்தோட கணக்கு வரும். அதனாலதான் இப்ப மாணவர் விவரத்தைப் படிக்கிறது இன்னும் முக்கியமாகுது, எங்க இருந்து கிளம்பினாங்கன்னு சொல்ல வேற நம்பர் நம்மகிட்ட இல்ல.

78-ஐயும் 65-ஐயும் பக்கத்துல வைக்கிறது

இப்ப அந்த வாட்ஸ்அப் கேள்விக்கு வர்றேன். ரிசல்ட் பக்கத்துல கொஞ்சம் கீழ போனா வசதி குறைஞ்ச பசங்களோட ரிசல்ட் தனியா இருக்கும். இதுல வர்றது எஃப்எஸ்எம் கணக்குல இருந்தவங்க, கவுன்சில் பராமரிப்புல இப்ப இருக்கிற அல்லது முன்னாடி இருந்த பசங்க. நாட்டளவுல இந்தப் பசங்களுக்கும் மத்தவங்களுக்கும் இடைவெளி 20 பாயிண்டுக்கு மேல, பல வருஷமா அசையாம நிக்குது.

ரெண்டு ஸ்கூலும் இயர் 6-ல 60 பேர்னு வச்சுக்குவோம், நம்பர் நான் உதாரணத்துக்குப் போடுறது. முதல் ஸ்கூல்ல வசதி குறைஞ்சவங்க 6 பேர், அதுல தரத்தை எட்டினது 2 பேர். மத்த 54 பேர்ல 45. மொத்தம் 47, அதான் 78 பர்சென்ட். ரெண்டாவது ஸ்கூல்ல வசதி குறைஞ்சவங்க 30 பேர், அதுல எட்டினது 18, மத்த 30 பேர்ல 21. மொத்தம் 39, அதாவது 65 பர்சென்ட். இப்ப சொல்லுங்க. வாடகை வீட்டுல ஒரே ரூம்ல நாலு பேர் இருந்துக்கிட்டு, ரெண்டு ஷிஃப்ட் வேலை பார்க்கிற அம்மா அப்பாவோட பிள்ளை எந்த ஸ்கூல்ல கரையேறும்? ரெண்டாவதுல பத்துக்கு ஆறு, முதலாவதுல மூணுல ஒண்ணு. ஆறு பேரை வச்சு ஸ்கூலை எடை போடக்கூடாதுங்கிறதும் சரி, அதுக்கும் மூணு வருஷத்தைச் சேர்த்துப் பாருங்க. வசதியான குடும்பத்துப் பிள்ளைன்னா 83-ஐயும் 70-ஐயும் ஒப்பிடணும், அங்க முதல் ஸ்கூல் மேலதான், அதையும் நான் மறைக்கல. ஆனா அந்த 83-ல எவ்வளவு ஸ்கூல் சொல்லிக் குடுத்தது, எவ்வளவு வீட்டுல வச்ச ட்யூட்டர் சொல்லிக் குடுத்ததுன்னு எந்த அட்டவணையும் பிரிச்சுக் காட்டாது. நம்ம ஏரியால இயர் 4-ல இருந்தே லெவன் பிளஸ் (கிராமர் ஸ்கூல் நுழைவுத் தேர்வு) கோச்சிங் போற பசங்க எத்தனை பேர்னு உங்களுக்கே தெரியும், அவங்க மார்க்கும் ஸ்கூல் கணக்குலதான் ஏறுது.

இன்னொரு சின்ன விஷயம், வெளிநாட்டுல இருந்து கடைசி ரெண்டு கல்வியாண்டுக்குள்ள வந்த, இங்கிலீஷ் முதல் மொழி இல்லாத பிள்ளைய ரிசல்ட் கணக்குல இருந்து எடுக்கச் சொல்லி ஸ்கூல் கேட்டுக்கலாம், நாட்டைப் பொறுத்து விதி இருக்கு. கேட்டாத்தான் எடுப்பாங்க. சில ஸ்கூல் எல்லாரையும் எடுக்கும், சிலது அந்தப் பிள்ளை பேரும் லிஸ்ட்ல இருக்கட்டும்னு விட்டுடும்.

சைட்ல இல்லாததைக் கேட்டு வாங்குறது

இயர் 1-ல ஜூன் மாசம் ஃபோனிக்ஸ் செக் இருக்கு, 40 வார்த்தை, அதுல பாதி அர்த்தமே இல்லாத கற்பனை வார்த்தை, மனப்பாடமாப் படிக்காம எழுத்தைக் கூட்டிப் படிக்கிறாங்களான்னு பார்க்க. 32 சரியாப் படிச்சா போதும்னுதான் இத்தனை வருஷமா அளவு. நாட்டளவுல 2024, 2025 ரெண்டுலயும் 80 பர்சென்ட். இயர் 4-ல வாய்ப்பாடு டெஸ்ட், கம்ப்யூட்டர்ல 25 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 6 செகண்ட். இது ரெண்டுமே ஸ்கூல் வாரியா அந்தச் சைட்ல வராது, ஸ்கூல்கிட்ட கேட்டா சொல்லுவாங்க, கவர்னர் மீட்டிங் மினிட்ஸ் கேட்டு வாங்கினா அதுலயும் இருக்கும். ரிசப்ஷன் சேர்க்கிறவங்களுக்கு இயர் 6 ரிசல்ட்டைவிட ஃபோனிக்ஸ் நம்பர்தான் கிட்ட இருக்கிற சேதி, இன்னும் ரெண்டு வருஷத்துல உங்க பிள்ளைதான் அந்த டேபிள்ல உக்காரப் போகுது.

பியூப்பில் பிரீமியம் ஸ்ட்ராட்டஜினு ஒரு டாக்குமெண்ட், ஒவ்வொரு ஸ்கூலும் வருஷா வருஷம் டிசம்பர் 31-க்குள்ள வெப்சைட்ல போட்டாகணும். ஒரு ஸ்கூலைப் பத்தி அது தானே எழுதின உண்மையான சுயவிவரம் இதுதான், யாரும் படிக்கிறதில்லங்கிறதுதான் வருத்தம். பசங்களுக்கு என்னென்ன சிக்கல்னு வரிசையா எழுதியிருப்பாங்க, அதுல "எங்க நர்சரிக்கு வர்ற பசங்க நிறைய பேருக்குப் பேச்சு வளர்ச்சி தாமதம், அதனால ஸ்பீச் தெரபிஸ்டை வாரம் ஒரு நாள் வரவழைக்கிறோம், இதுவரைக்கும் இவ்வளவு முன்னேற்றம்"னு குறிப்பா எழுதியிருந்தா அவங்க பசங்களைத் தெரிஞ்சு வச்சிருக்காங்க. போன வருஷ டாக்குமெண்ட்டும் பக்கத்துலயே இருக்கும், ரெண்டையும் திறந்து வச்சுப் படிங்க. ஒரு எழுத்துகூட மாறாம தேதி மட்டும் மாறியிருந்தா, எனக்கு அந்த ஸ்கூல் மேல நம்பிக்கை குறையும்.

வருகைக் கணக்கு சைட்லயே இருக்கு. 10 பர்சென்டோ அதுக்கு மேலயோ லீவு எடுத்த பசங்க எத்தனைன்னு ஒரு நம்பர், 190 நாள்ல 19 நாள். ஊருக்குப் போறவங்க நாம, ஒரு கல்யாணம், ஒரு கோயில் திருவிழான்னு மூணு வாரம் போனாலே கிட்டத்தட்ட அந்தக் கோட்டுல நிப்போம். நாட்டளவுல இந்த நம்பர் கோவிடுக்கு அப்புறம் ரொம்ப ஏறிப்போய் மெதுவா இறங்கிட்டு வருது, ஒரு ஸ்கூல் அதை வேகமா இறக்கியிருந்தா அங்க யாரோ காலைல கேட்ல நின்னு ஒவ்வொரு குடும்பத்தோடயும் பேசுறாங்கன்னு அர்த்தம்.

ஆஃப்ஸ்டெட்

தேதிய முதல்ல பாருங்க. அவுட்ஸ்டாண்டிங் வாங்கின ஸ்கூல்களுக்கு 2012-ல இருந்து 2020 வரைக்கும் வழக்கமான இன்ஸ்பெக்ஷனே கிடையாது, அதனால சில ஸ்கூல் பல வருஷம் பழைய பேனரை வச்சுக்கிட்டே ஓட்டிச்சு, அந்த ஹெட் டீச்சர் எப்பவோ ரிட்டையர் ஆகியிருப்பார். 2024 செப்டம்பர்ல ஒரே வார்த்தைல ஸ்கூலை மதிப்பிடுற வழக்கத்தை எடுத்துட்டாங்க, 2025 நவம்பர்ல இருந்து ரிப்போர்ட் கார்டு, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியா அஞ்சு படி, பாதுகாப்புக்கு மட்டும் சரியா இருக்கு, சரியா இல்லன்னு ரெண்டே. புது முறைல இன்க்ளூஷன்னு ஒரு தனிப் பகுதி வந்திருக்கு, வசதி குறைஞ்ச பசங்களையும் எஸ்இஎன் பசங்களையும் எப்படிப் பார்த்துக்கிறாங்கங்கிறது, முதல்ல அதைப் படிங்க. பழைய ரிப்போர்ட்டும் புதுசும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது, அளவே வேற.

நேர்ல போறப்ப

ஓபன் டே அக்டோபர், நவம்பர்ல நடக்கும், விண்ணப்பத்துக்குக் கடைசி தேதி ஜனவரி 15, முடிவு ஏப்ரல் 16 வாக்குல. லண்டன்ல ஆறு ஸ்கூல் வரைக்கும் போடலாம், உங்க வரிசை என்னன்னு ஸ்கூலுக்குத் தெரியாது, அதனால பிடிச்ச வரிசைலயே போடுங்க. ஆனா போன வருஷம் கடைசி சீட் எத்தனை மீட்டர் தூரத்துல இருந்தவங்களுக்குக் கிடைச்சுதுன்னு கவுன்சில் புத்தகத்துல இருக்கும், அதைப் பார்க்காம ஆறையும் கனவா நிரப்பிடாதீங்க, கிடைக்கும்னு உறுதியா தெரியிற ஒண்ணு கண்டிப்பா இருக்கட்டும். போறப்ப மதியச் சாப்பாட்டு ஹாலையும் ப்ளேகிரவுண்டையும் பார்க்க முடியுமான்னு கேளுங்க, வகுப்பறை எல்லா ஸ்கூல்லயும் அன்னிக்கு அழகாத்தான் இருக்கும். போன மாசம் சேர்ந்த, இங்கிலீஷ் தெரியாத பிள்ளை இன்னிக்குக் காலைல என்ன பண்ணிட்டு இருந்ததுன்னு கேளுங்க. தனி ஆளா ஐபேடோட ஓரத்துல உக்கார வச்சிருக்காங்களா, இல்ல மத்த பசங்களோட அதே பாடத்துல படம் பார்த்து, ஜோடி போட்டு பேசிட்டு இருந்ததா. அந்தப் பதில்ல நிறைய இருக்கு.

சீட் கிடைச்சதும் ஒரு அட்மிஷன் ஃபார்ம் குடுப்பாங்க, அதுல முதல் மொழின்னு ஒரு கட்டம். பிள்ளைய கம்மியா நினைச்சுடுவாங்களோன்னு பயந்து நிறைய பேர் இங்கிலீஷ்னு எழுதிடுறோம், என் பெரிய பொண்ணுக்கு நானும் அப்படித்தான் எழுதினேன். அதை வச்சு பிள்ளைய எந்த செட்லயும் கீழ போட மாட்டாங்க, மாறா ஸ்கூல் சிஸ்டத்துக்குள்ள வந்த முதல் மூணு வருஷம் ஈஏஎல் பிள்ளைங்களுக்காக ஸ்கூல் நிதில கூடுதலா ஒரு தொகை சேருது. சின்னவனுக்கு "தமிழ்"னு எழுதினேன். எஃப்எஸ்எம் ஃபார்ம் அதே கவர்லதான் இருக்கும், தகுதி இருக்கான்னு சந்தேகம்னாலும் போட்டுடுங்க, நேஷனல் இன்சூரன்ஸ் நம்பரை வச்சு அவங்களே பார்த்துச் சொல்லிடுவாங்க. விசாவால அந்த வழி இல்லாதவங்க ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொன்னா வேற ஃபார்ம் எடுத்துக் குடுப்பாங்க.